ஒரே கோதுமைக்கு டெஸ்ட் மில் ஏன் மூன்று விடை சொல்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தில்லியில் ஒரு ரோலர் மாவு மில்லின் லேபில் வேலை பார்க்கிறீர்கள். ஒரே லாரியில் இறங்கிய கோதுமையை பியூலர் எம்.எல்.யூ.-202 டெஸ்ட் மில்லில், அதாவது மாதிரியை அரைத்துப் பார்க்கும் சிறிய லேப் மில்லில், மூன்று நாள் அரைத்தால் மைதா ஈல்டு (கோதுமையிலிருந்து கிடைக்கும் மைதாவின் சதவீதம்) 67, 69, 71 என்று வருகிறது. ஈல்டு ஏறும்போது சாம்பலும் ஏறுகிறது (சாம்பல் என்பது மாவை எரித்தபின் மிஞ்சுவது, தவிடு கலந்தால் கூடும்). பெரிய மில்லில் அதே கோதுமை 73 கொடுக்கிறது. மெஷின் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மேனேஜர். மாற்றினால் சரியாகுமா, இருப்பதை வைத்தே நம்பகமான எண் எடுக்க வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒரே கோதுமைக்கு ஒரே விடை ஏன் வரவில்லை என்பது ஒன்று. லேப் விடை ஏன் மில் விடையோடு ஒட்டவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் கோளாறே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலாவதுதான் உண்மையான பிரச்சினை. மெஷினை நேரில் பார்க்காமல் இன்ன இடத்தில்தான் பழுது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழுது மெஷினிலா, தண்ணீரிலா, அறைக் காற்றிலா, கணக்கிலா என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் புது மெஷின் வாங்குவது வீண் செலவு.

கணக்கிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் காசு செலவில்லை. ஒரு ரன்னை எடுத்துக்கொள்வோம். சுத்தம் செய்த கோதுமை 2000 கிராம், ஈரம் 9.5%. அரைக்கும் முன் தண்ணீர் சேர்த்து ஊறவைப்பதுதான் டெம்பரிங். இதை 15.5%க்குக் கொண்டுவர 142 கிராம் தண்ணீர் சேர்க்கிறோம். மொத்தம் 2142 கிராம். அரைத்து முடிந்ததும் மைதா 1410, தவிடு 480, ஷார்ட்ஸ் (மைதாச் சல்லடையில் இறங்காத நுண் தவிடும் மாவும்) 210, கூட்டினால் 2100 கிராம். இப்போது ஈல்டு எவ்வளவு? தண்ணீர் சேர்க்கும் முன் இருந்த எடையால் வகுத்தால் 70.5. தண்ணீர் சேர்த்த எடையால் வகுத்தால் 65.8. வெளியே வந்த பொருள்களின் மொத்தத்தால் வகுத்தால் 67.1. ஒரே ரன், ஒரே மாவு, மூன்று எண்கள். உங்கள் 67க்கும் 71க்கும் உள்ள இடைவெளியை விட இது பெரியது. ஷிஃப்டுக்கு ஒருவர் ஒரு வகுத்தியைப் பிடித்துக்கொண்டால் போதும், மெஷின் பாவம் ஒன்றும் செய்யாமலே குற்றவாளி ஆகிவிடும். பழைய பதிவேட்டைத் திறந்து யார் எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இனிமேல் வெளிவந்த பொருள்களின் மொத்தத்தால் வகுப்பதையே லேபின் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு உலர் எடைக் (ஈரத்தைக் கழித்த எடை) கணக்கையும் போட்டு வையுங்கள்.

உலர் எடைக் கணக்கு எதற்கு என்றால், மேலே சொன்ன ரன்னில் 42 கிராம் காணாமல் போயிருக்கிறது. மீட்பு 98%. இது மெஷினுக்குள் சிக்கிய மாவா, காற்றில் போன தண்ணீரா? மைதாவின் ஈரம் 14.0, தவிடு 14.0, ஷார்ட்ஸ் 13.8 என்று ஓவனில் வந்தால், உலர் பொருள் 1810 கிராமில் 1806 கிராம் திரும்பி வந்துவிட்டது. காணாமல் போனதில் 38 கிராம் வெறும் தண்ணீர், 4 கிராம்தான் மாவு. இந்த மெஷின் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மாறாக உலர் கணக்கிலேயே 98% வந்தால், 36 கிராம் எங்கேயோ தங்கியிருக்கிறது என்று பொருள். ஃபில்டர் துணி, சைக்ளோன் (காற்றிலிருந்து மாவைப் பிரிக்கும் கூம்பு), சல்லடைச் சட்டத்தின் மூலை என்று தேடிப் போகலாம். ஒவ்வொரு ரன்னுக்கும் மூன்று ஈர அளவு எடுப்பது கூடுதல் வேலைதான். சந்தேகம் தீரும் வரையாவது எடுங்கள்.

அடுத்து, எந்த இடத்தில் ஆட்டம் என்று பிரிக்கும் சோதனை. ஒரே லாட் கோதுமை 40 கிலோ எடுத்துச் சுத்தம் செய்து, நன்றாகக் கலந்து, டிவைடரில் (மாதிரியைச் சமமாகப் பங்கிடும் கருவி) பிரித்து, காற்றுப் புகாத பைகளில் 2 கிலோ வீதம் கட்டி வையுங்கள். முதல் கட்டமாக, 10 கிலோவை ஒரே டப்பாவில் டெம்பர் செய்து, மறுநாள் ஐந்தாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அரையுங்கள். இரண்டாம் கட்டத்தில் ஐந்து 2 கிலோ பைகளைத் தனித்தனியாக டெம்பர் செய்து ஒரே நாளில் அரையுங்கள். மூன்றாம் கட்டத்தில் ஐந்து பைகளை ஐந்து வெவ்வேறு நாள்களில் டெம்பர் செய்து அரையுங்கள். முதல் கட்டத்திலேயே எண்கள் சிதறினால் கோளாறு மெஷினில் அல்லது அதை ஓட்டும் முறையில். முதல் கட்டம் நெருக்கமாக இருந்து இரண்டாவது சிதறினால், டெம்பரிங்கும் ஈர அளவீடும்தான் காரணம். முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் சிதறினால் அறையின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும், அல்லது ஆள் மாற்றம். முதல் கட்டத்தின் ஐந்து எண்களும் சிதறாமல் படிப்படியாக ஒரே திசையில் நகர்ந்தால், ரோல் சூடேறும் முன்பே ஓட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தப் பதினைந்து ரன் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். மேனேஜரிடம் மெஷின் விலையைச் சொல்லி அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஊகம், இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டத்தில்தான் சிதறும். காரணம் நீங்களே கேள்வியில் எழுதிய ஒரு வரி: ஈல்டும் சாம்பலும் சேர்ந்து ஏறுகின்றன. கோதுமை உலர்வாக ரோலுக்குள் போனால் தவிட்டுத் தோல் வளையாமல் நொறுங்குகிறது. நொறுங்கிய தோல் மைதாச் சல்லடையில் விழுகிறது. மாவு கூடின மாதிரி தெரியும், சாம்பல் காட்டிக்கொடுக்கும். ஈரம் அதிகமானால் நேர் எதிர். தோல் பெரிய செதிலாக வரும், மாவு அதிலேயே ஒட்டிக்கொண்டு போகும், சல்லடையும் மந்தமாகும். ஈல்டும் சாம்பலும் கைகோத்து நடந்தால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் வர வேண்டும்.

சேர்க்க வேண்டிய தண்ணீருக்கான கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது: வேண்டிய ஈரத்திலிருந்து இருக்கும் ஈரத்தைக் கழித்து, கோதுமை எடையால் பெருக்கி, 100லிருந்து வேண்டிய ஈரத்தைக் கழித்த எண்ணால் வகுப்பது. ஏ.ஏ.சி.சி. (அமெரிக்கத் தானிய வேதியியலாளர் சங்கம்) வகுத்த 26-95 முறை இதை அட்டவணையாகவே தருகிறது. கணக்கு தவறுவதில்லை, அதற்குள் போடும் ஆரம்ப ஈரம்தான் தவறுகிறது. உண்மையில் 9.5 இருக்கும் கோதுமையை மீட்டர் 10.5 என்று காட்டினால், 142க்குப் பதில் 118 கிராம் தண்ணீர்தான் ஊற்றுவீர்கள். 15.5 என்று நினைத்துக்கொண்டு 14.55ல் அரைப்பீர்கள். கிட்டத்தட்ட ஒரு புள்ளி வித்தியாசம், ஈல்டும் சாம்பலும் ஆடுவதற்கு இதுவே தாராளம். ஏப்ரல், மே மாதம் நரேலா, நஜஃப்கர் மண்டிகளிலிருந்து வரும் புதுக் கோதுமை 9, 10% வரை உலர்ந்து வரும். பல டிஜிட்டல் மீட்டர்கள் அந்தக் கீழ் எல்லையில்தான் அதிகம் பிசகுகின்றன. போதாக்குறைக்கு 42 டிகிரி கோடவுனிலிருந்து எடுத்த கோதுமையை நேராக ஏ.சி. அறையில் இருக்கும் மீட்டரில் கொட்டினால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. மாதிரியை மூடிய பையில் இரண்டு மூன்று மணி நேரம் அறையிலேயே வைத்து, வெப்பம் சமமான பிறகு அளவெடுங்கள். மாதம் ஒரு முறையாவது மீட்டரை ஓவனோடு ஒப்பிட்டுத் திருத்தம் போடுங்கள்.

ஓவனிலும் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். 130 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது ஏ.ஏ.சி.சி. 44-15 முறை. ஐ.எஸ்.ஓ. 712 என்ற சர்வதேசத் தரமுறை மாவுக்கு 90 நிமிடம் கேட்கிறது. இரண்டும் சரியே, கலந்தால்தான் தப்பு. டெம்பர் செய்த கோதுமையின் ஈரத்தைக் கெபாசிடன்ஸ் மீட்டரில் (மின் முறையில் ஈரம் காட்டும் மீட்டர்) சரிபார்க்காதீர்கள். மணியின் மேற்பரப்பும் உள்ளும் ஒரே ஈரத்தில் இல்லாதபோது அது தவறாகவே காட்டும். ஈரக் கோதுமையை அப்படியே பொடித்து ஓவனில் வைத்தாலும் பொடிக்கும்போதே சூட்டில் ஈரம் போய்விடும். முதலில் மணியாகவே சிறிது உலர்த்தி எடை பார்த்து, பிறகு பொடித்து உலர்த்தும் இரண்டு கட்ட முறைதான் அதற்கு.

தண்ணீரை அளவுக் குப்பியில் பிடிக்காமல் தராசில் நிறுத்து ஊற்றுங்கள். டப்பா முக்கால் அளவுக்கு மேல் நிரம்பக் கூடாது, உருள இடம் வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் உருட்டிய பிறகு மூடியைத் திறந்து உள்சுவரில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் நனைந்தால் தண்ணீர் இன்னும் கோதுமைக்குள் போகவில்லை, டப்பாவில்தான் இருக்கிறது, இன்னும் உருட்ட வேண்டும். அடியில் நான்கு மணிகள் ஊறிக்கிடக்க மேலே காய்ந்திருப்பதுதான் பல லேப்களில் நடக்கிறது. 5%க்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு தவணையாக ஊற்றுவது நல்லது. தில்லிக் கோடைக் கோதுமைக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம் என்பதில் உறுதியானதும் உண்டு, லேபுக்கு லேப் மாறுவதும் உண்டு. கடினக் கோதுமைக்கு 16ஐ ஒட்டி, மிருதுவானதற்கு 14ஐ ஒட்டி, நடுத்தரத்துக்கு இடையில் என்பது எங்கும் ஒத்துக்கொண்ட விஷயம். கடினக் கோதுமைக்கு 16 முதல் 24 மணி நேரம் ஊறவிடுவதும் அப்படியே. அரைக்க அரை மணி இருக்கும்போது இன்னும் அரைப் புள்ளி தண்ணீர் தெளிப்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. அது தோலைப் பதமாக்குகிறது என்பது உண்மை, ஆனால் கையால் செய்யும் இன்னொரு வேலை கூடுகிறது, அதோடு இன்னொரு பிழையும் கூடலாம். நான் சொல்வது, உங்கள் எண்கள் நிலைப்படும் வரை அதைத் தொடாதீர்கள். புது ரகம் வந்தால் 14.5, 15.5, 16.5 என்று மூன்று ஈரத்தில் அரைத்து ஈல்டையும் சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கான பதம் தெரிந்துவிடும். மண்டிக் கோதுமையில் ரகங்கள் கலந்துதான் வரும், அதனால் பெயரை நம்பிப் பதம் வைக்க வேண்டாம்.

இனி அறை. தில்லியில் இதை அலட்சியம் செய்ய முடியாது. மே, ஜூனில் லூ என்ற வெப்பக் காற்று அடிக்கும்போது காற்றின் ஈரப்பதம் 20%க்கும் கீழே போகிறது, ஆகஸ்டில் 80ஐத் தாண்டுகிறது, ஜனவரிக் காலையில் லேப் 10 டிகிரிக்குக் கீழே உறைகிறது. மெல்லிய படலமாக ரோலிலிருந்து விழுந்து, காற்றுக் குழாயில் பறந்து, சல்லடையில் புரளும் மாவு இந்தக் காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே போகிறது. வறண்ட நாளில் தவிடு மெஷினுக்குள்ளேயே காய்ந்து நொறுங்கும். மழைக்காலத்தில் மாவு சல்லடைத் துணியில் அப்பி, இறங்க வேண்டியது இறங்காமல் ஷார்ட்ஸோடு போகும். குளிரில் ஊறல் மெதுவாகும், நேற்று போதுமாயிருந்த 16 மணி நேரம் இன்று போதாது. அறை 20 முதல் 24 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65% என்று பிடித்து வைப்பதுதான் சரியான தீர்வு. டெம்பரிங் டப்பாவும் அதே அறையில் இருக்க வேண்டும். கோடையில் லேபில் ஓடும் டெசர்ட் கூலரை நம்பாதீர்கள். அது தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை ஒரு ஈரப்பதம், காலியானதும் வேறு ஈரப்பதம், பருவமழை தொடங்கிய பிறகு தொல்லை மட்டும்தான். ஏ.சி.யும் ஈரமூட்டியும் வைக்க அனுமதி கிடைக்காவிட்டால், குறைந்தது ஒரு ஹைக்ரோமீட்டரை மெஷின் பக்கத்தில் மாட்டி ஒவ்வொரு ரன்னோடும் எழுதுங்கள். ஒப்பிட வேண்டிய கோதுமைகளை ஒரே நாளில் அரையுங்கள். மே மாத எண்ணை ஆகஸ்டு எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

மெஷின் பக்கம் வருவோம். எம்.எல்.யூ.-202ல் மூன்று பிரேக் (மணியை உடைத்துத் தவிட்டைப் பிரிப்பது), மூன்று ரிடக்ஷன் (உடைந்ததை மாவாக நுணுக்குவது) பாதைகள். ஒவ்வொரு பாதையிலிருந்தும் ஒரு மாவு தனியாக வரும். ஆறு மாவையும் தனித்தனியாக நிறுத்து எழுதுகிறீர்களா, ஒன்றாகக் கொட்டி மொத்தத்தை மட்டும் எழுதுகிறீர்களா? மொத்தத்தை மட்டும் எழுதினால் மெஷின் சொல்வதில் பாதி கேட்காமல் போகிறது. பிரேக் மாவுகள் நிலையாக இருந்து ரிடக்ஷன் மாவுகள் மட்டும் குறைந்து ஷார்ட்ஸ் கூடினால், ரிடக்ஷன் ரோல் இடைவெளியையோ அதன் சல்லடையையோ பாருங்கள். தவிட்டின் எடை கூடி, செதிலின் உள்பக்கம் நகத்தால் கீறினால் வெள்ளையாக மாவு வந்தால், பிரேக் ரோல் பல் தேய்ந்திருக்கலாம், இடைவெளி விலகியிருக்கலாம், அல்லது கோதுமை அதிக ஈரம்.

ரோல் இடைவெளியை மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, ரோல் ஓட்டச் சூட்டில் இருக்கும்போதே ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரு முனையிலும் பாருங்கள். ரோலைக் கையால் சிறிது திருப்பி இன்னும் இரண்டு மூன்று இடத்திலும் பாருங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே இடைவெளி மாறினால் ரோல் வட்டம் பிசகியது அல்லது பேரிங் போனது, அதை அட்ஜஸ்ட்மென்ட்டால் சரிசெய்ய முடியாது. எவ்வளவு இடைவெளி என்பதற்கு மெஷினோடு வந்த கையேட்டின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ரோலில் வைத்த இடைவெளி, சூடேறினால் உலோகம் விரிந்து குறையும். அதனால்தான் காலையில் முதல் மாதிரி எப்போதும் தனியாக நிற்கும். தினமும் தொடக்கத்தில் ஒரு கிலோ வீதம் இரண்டு முறை ஏதாவது கோதுமையை ஓட்டிக் கழித்துவிட்டு, பிறகு மாதிரியைப் போடுங்கள். மதிய இடைவேளைக்குப் பிறகும் ஒரு தடவை.

ஊட்டும் வேகம் பலர் கவனிக்காதது. ரோலுக்குள் விழும் படலம் தடித்தால் அரைப்பும் கெடும், சல்லடையும் திணறும். ஊட்டி அதிர்வு வகையாக இருந்தால் மின்னழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலே அதிர்வு குறைந்து வேகம் விழும். லாரன்ஸ் ரோடு மாதிரித் தொழிற்பேட்டைகளில் பெரிய மோட்டார்கள் ஒரே லைனில் ஓடும்போதும், ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதை எதிர்பார்க்கலாம். ஸ்டெபிலைசர் ஒன்று மாட்டுங்கள். அதைவிட முக்கியம், 2 கிலோ கோதுமை தீர எத்தனை நிமிடம் ஆனது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்து ஒவ்வொரு ரன்னிலும் எழுதுவது. அந்த நேரம் பத்து சதவீதம் மாறியிருந்தால் அந்த ரன்னை மற்றதோடு ஒப்பிடாதீர்கள்.

சல்லடைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைபட்ட கண்கள் திட்டுத் திட்டாக இருட்டாகத் தெரியும், கிழிந்த இடம் பளிச்சென்று தெரியும். விரலால் தட்டினால் தொய்வும் தெரிந்துவிடும். துணியைச் சுத்தம் செய்யும் பிரஷ்ஷோ ரப்பர் உருண்டையோ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், மலிவான பாகம்தான். கோதுமை தீர்ந்த பிறகு மெஷினை எத்தனை நிமிடம் காலியாக ஓடவிடுகிறீர்கள் என்பதும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தின மாதிரி உள்ளே தங்கினால் அடுத்ததன் கணக்கில் ஏறும். முளைவிட்ட கோதுமையை அரைத்த பிறகு சுத்தம் செய்யாமல் நல்ல கோதுமையைப் போட்டால் ஃபாலிங் நம்பர் (முளைவிட்ட சேதத்தைக் காட்டும் எண்) வரை கெடும். காற்று உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

மாதிரி எடுப்பது பற்றிச் சுருக்கமாக. 2 கிலோ கோதுமை ஒரு முழு லாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். பல இடத்தில் குத்தூசி போட்டு எடுத்து, கூட்டிக் கலந்து, டிவைடரில் குறைத்து வாருங்கள். குவியலின் மேலிருந்து கையால் அள்ளினால் சுருங்கிய மணியும் தூசியும் விகிதம் தவறி வரும். குப்பை, கல், உடைந்த மணி எவ்வளவு நீக்கினீர்கள் என்பதைத் தனியாக எழுதி, ஈல்டைக் குப்பையைச் சேர்க்காமல், முன்பு சொன்ன வகுத்தியாலேயே சொல்லுங்கள். கொள்முதல் ஆளுக்கு வேண்டுமானால் குப்பையோடு சேர்த்த எண்ணைத் தனியாகக் கொடுங்கள். மண் ஒட்டிய கோதுமை சாம்பலைக் கூட்டிக்காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சாம்பல் இல்லாமல் ஈல்டை மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. மைதாவின் சாம்பல் 0.40, தவிட்டின் சாம்பல் 5.5 என்று வைத்துக்கொண்டால், நூறு பங்கு மாவில் ஒரே ஒரு பங்கு தவிடு கலந்தாலே சாம்பல் 0.45 ஆகிவிடும். ஆகவே 71% ஈல்டு, 0.60 சாம்பல் என்பது 69% ஈல்டு, 0.52 சாம்பலை விட நல்ல கோதுமை என்று சொல்ல முடியாது. ஆறு மாவுகளையும் சாம்பல் ஏறும் வரிசையில் அடுக்கி, கூட்டிக்கொண்டே போய் ஈல்டுக்கு எதிராகச் சாம்பலை வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு கோதுமையை அந்தக் கோட்டில் ஒரே சாம்பல் அளவில் வைத்து ஒப்பிடுங்கள். தினசரி வேலைக்கு இது அதிகம், புது ரகத்துக்கும் புது சப்ளையருக்கும் செய்தால் போதும். சாம்பலை எந்த ஈர அடிப்படையில் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். 14% ஈர அடிப்படையில் 0.50 என்பது உலர் அடிப்படையில் 0.58. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. மைதாவுக்கு வைத்திருக்கும் 1.0% வரம்பு உலர் அடிப்படையில். அமெரிக்க அறிக்கைகளில் இருப்பது பெரும்பாலும் 14% அடிப்படை. இதைக் கலந்து பேசி வந்த சண்டைகள் மில்களில் நிறைய.

எல்லாம் ஒழுங்கான பிறகும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பதுதான் நம்பகத்தன்மை. ஒரு நல்ல லாட்டிலிருந்து ஐம்பது, அறுபது கிலோ ஒதுக்கிச் சுத்தம் செய்து, பூச்சி புகாதபடி மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இதுதான் உங்கள் செக் கோதுமை. வேலை நாளில் மாதிரிகளுக்கு முன் ஒன்று, அதிக மாதிரி இருந்தால் கடைசியிலும் ஒன்று அரைத்து, எண்ணைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் குறியுங்கள். இருபது புள்ளிகள் சேர்ந்ததும் சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) போட்டு, இரண்டு விலக்கம் தள்ளி மேலும் கீழும் கோடு இழுங்கள். புள்ளி வெளியே போன நாளில் மற்ற மாதிரிகளின் எண்ணை வெளியே அனுப்பக் கூடாது. உள்ளேயே இருந்தாலும் ஏழெட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. செக் கோதுமை தீரும் முன்பே புதியதை எடுத்து, இரண்டையும் சில வாரம் சேர்த்து அரைத்துத் தொடர்பு பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அந்தத் திட்ட விலக்கம் 0.6 என்று வந்தது என்று வையுங்கள். அப்படியானால் ஒரு தடவை மட்டும் அரைத்த இரண்டு கோதுமைகளுக்கு இடையே 1.7 புள்ளி வரை வித்தியாசம் வந்தாலும் அது வெறும் ஆட்டமாக இருக்கலாம். இரண்டு தடவை அரைத்துச் சராசரி எடுத்தால் அந்த எல்லை 1.2 ஆகும், நான்கு தடவைக்கு 0.85. அரைப் புள்ளி வித்தியாசத்துக்காக ஒரு சப்ளையரிடம் விலை குறைக்கச் சொன்னால் அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இல்லை. இன்னொன்று, இரண்டாவது தடவை என்றால் டிவைடரிலிருந்து புதிதாக எடுத்து, தனியாக டெம்பர் செய்து, முடிந்தால் வேறு நாளில் அரைப்பது. ஒரே டப்பாவில் ஊறியதை இரண்டாகப் பிரித்து அரைத்தால் எண்கள் அழகாகப் பொருந்தும், டெம்பரிங்கில் நடந்த தவறு இரண்டிலும் ஒளிந்திருக்கும்.

இப்போது 73 விஷயம். பெரிய மில்லில் பாதைகள் அதிகம், சல்லடைப் பரப்பு அதிகம், ரவையைக் காற்றாலும் சல்லடையாலும் தவிட்டிலிருந்து பிரிக்கும் ப்யூரிஃபையர் உண்டு, தவிட்டில் ஒட்டிய மாவைத் தட்டி எடுக்கும் பிரான் ஃபினிஷர் உண்டு. டெஸ்ட் மில்லில் ஆறு பாதைதான். அது குறைவாகக் கொடுப்பது இயல்பு. அந்த 73 எதன் மேல் கணக்கிட்டது என்று மில்லரையும் கேளுங்கள், வகுத்தி அங்கேயும் வேறாக இருக்கும். எக்காரணம் கொண்டும் 73 வர வேண்டும் என்று டெஸ்ட் மில்லின் ரோலை இறுக்காதீர்கள். ஸ்டார்ச் சேதம் (மாவுச்சத்துத் துகள்கள் உடைவது) கூடும், மாவின் தண்ணீர் பிடிப்பு ஏறும், பிசைந்த மாவை அளக்கும் ஃபாரினோகிராஃப் கருவியின் எண்ணும் பொய்யாகிவிடும். மில்லில் தனியாக ஓடிய பத்துப் பதினைந்து லாட்களின் லேப் எண்ணையும் மில் எண்ணையும் வரைபடத்தில் புள்ளியிட்டுத் தொடர்பைப் பாருங்கள். வரிசை ஒத்துப்போனால், அதாவது லேபில் நல்லது மில்லிலும் நல்லதாக வந்தால், டெஸ்ட் மில் தன் வேலையைச் செய்கிறது. ரவை எவ்வளவு கிடைக்கும் என்பதை இந்த மெஷினிடம் கேட்காதீர்கள், ப்யூரிஃபையர் இல்லாமல் அதற்கு விடை இல்லை. சக்கி ஆட்டா விற்கிறீர்கள் என்றால் அதற்கும் இது உதவாது. கல்லில் அரைபடும் மாவின் ஸ்டார்ச் சேதம் முற்றிலும் வேறு, அதற்கு ஒரு சின்ன சக்கி வைத்து ரொட்டி சுட்டுப் பார்ப்பதே மேல்.

மெஷின் மாற்றுவது பற்றி: முதல் கட்டச் சோதனையில் எண்கள் சிதறி, பேரிங், ரோல் பல், சல்லடை மூன்றையும் சரிசெய்த பிறகும் சிதறல் குறையாவிட்டால் மட்டும் யோசியுங்கள். ரோலுக்குப் புதிதாகப் பல் வெட்டினால் செக் கோதுமையின் வரைபடத்தை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். செலவைக் குறைக்க குவாட்ருமேட் ஜூனியர் என்ற சிறிய டெஸ்ட் மில் வாங்கலாமா என்றால், அதில் ரோல் இடைவெளி நிலையானது, ஆள் மாறினாலும் ஆட்டம் குறைவு, மாதிரியும் கொஞ்சம் போதும். ஆனால் மாவு ஒன்று, தவிடு ஒன்று என்றுதான் பிரிக்கும். ஆறு மாவின் எடையை வைத்துக் கோளாறு தேடும் வசதி போய்விடும். எதை வாங்கினாலும் டெம்பரிங்கும் அறையும் இப்போது இருப்பது போலவே இருந்தால் 67, 69, 71 உங்களைத் தேடி வரும்.

பதினைந்து ரன் முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாவின் எடை, தவிடு, ஷார்ட்ஸ், கோதுமையின் ஆரம்ப ஈரம், மாவின் ஈரம், அறை வெப்பம், காற்றின் ஈரப்பதம், கோதுமை தீர்ந்த நேரம் ஆகியவற்றை இங்கேயே போடுங்கள். மொத்த ஈல்டை மட்டும் போட்டால் ஊகிக்கத்தான் முடியும்.